வானம்பாடிக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்கலாமா? நெல்லைச் சீமைத் தரிசுகளுக்கு நான்கு வழிகள்

நாங்குநேரி, ராதாபுரம், வள்ளியூர் பக்கம் பறவை பார்க்கிறவர்களும், பள்ளியில் இயற்கை மன்றம் நடத்துகிற ஆசிரியர்களும் ஒரே கேள்வியைத்தான் வேறுவேறு விதமாகக் கேட்கிறார்கள். காலையில் தரிசுக் காட்டில் நடந்தால் முன்பு நாலு பக்கமும் வானம்பாடி கேட்கும். இப்போது அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. சட்டப்படி பாதுகாக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் யாரிடம், என்ன கேட்டு?

மனு கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் தவறான பாதுகாப்பைக் கேட்டு வாங்கிவிட்டால், பறவைக்கும் பயன் இல்லாமல் ஊரில் பகை மட்டும் மிஞ்சும். நம் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு நோய்க்கான மருந்து.

எந்தப் பறவை, எந்த நிலம்

இங்கே பேசுவது முக்கியமாக இரண்டு பறவைகளைப் பற்றி. ஒன்று சாம்பல் தலை வானம்பாடி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. ஆணுக்கு அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. மேலே ஏறி, இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கீழே பாய்ந்து, மறுபடி மேலே எழும்பும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்னொன்று ஜெர்டன் புதர் வானம்பாடி. முள்செடியின் உச்சியிலிருந்து கொஞ்ச உயரம் பறந்து, காலைத் தொங்கவிட்டபடி பாடிக்கொண்டே இறங்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாண்டினால் இதைப் பார்க்க முடியாது.

இரண்டுமே தரையில் கூடு வைப்பவை. சாம்பல் தலை வானம்பாடி மாட்டுக் குளம்பு அளவு குழியில் மெத்தை போட்டு, ஓரத்தில் சின்னச் சின்னக் கற்களை வைத்து முட்டையிடும். அதற்கு அடர்ந்த காடு வேண்டாம், உயர்ந்த புல்லும் வேண்டாம். ஆடு மேய்ந்து கட்டையாக நிற்கிற புல், நடுவில் வெறுந்தரை, அங்கங்கே ஒரு செடி, இதுதான் அதன் வீடு. வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ பதிவேட்டில் இந்த வீட்டுக்குப் பெயர் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ அல்லது ‘மேய்க்கால் புறம்போக்கு’.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, குறைவு உண்மைதானா, எவ்வளவு வேகமானது? உலக அளவில் உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் அமைப்பான ஐ.யூ.சி.என். கணக்கில், பத்து ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைகளிலோ (எது நீளமோ அதில்) 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஓர் இனம் ‘அழிவாய்ப்புள்ள’ வகையில் சேரும். 50 சதவீதம் என்றால் அதற்கும் மேலே. நம் இரண்டு வானம்பாடிகளும் உலக அளவில் இன்றும் ‘கவலை குறைந்த’ வகையில்தான் இருக்கின்றன. அதே சமயம், 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பார்த்தால் நிம்மதியாக இருக்க முடியாது. நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. புல்வெளி போன்ற திறந்த நிலங்களையே நம்பி வாழ்கிறவை வேகமாகச் சரிந்த கூட்டத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, எதனால் குறைகிறது? பிடிப்பதாலும் கொல்வதாலும் குறைந்தால் ஒரு மருந்து. நிலம் போவதால் குறைந்தால் வேறு மருந்து. மூன்றாவது, இப்போதுள்ள சட்டம் ஏற்கெனவே என்ன செய்கிறது? நான்காவது, பாதுகாப்பின் சுமை யார் தலையில் விழும்? ஐந்தாவது, முடிவு யார் கையில், எத்தனை காலம் ஆகும்?

இவை எல்லாம் நானாக யோசித்தவை இல்லை. அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அருகும் உயிரினச் சட்டம், வாழிடம் அழிவது, அளவுக்கு மீறிப் பிடிப்பது, நோயும் வேட்டை விலங்கும், நடப்புச் சட்டத்தின் போதாமை, பிற காரணங்கள் என்று ஐந்தைக் கேட்டுத்தான் ஓர் இனத்தைப் பட்டியலில் சேர்க்கிறது. அங்கேயும் புல்வெளிப் பாட்டுப் பறவைகளின் கதை நம்முடையதைப் போன்றதுதான்: 1970-க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. அப்படியிருந்தும் ஸ்ப்ரேக் நெட்டைக்காலி என்ற பறவைக்கு 2010-இல் ‘தகுதி உண்டு, ஆனால் அதைவிட அவசரமானவை வரிசையில் இருக்கின்றன’ என்றார்கள். 2016-இல் ‘பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை’ என்று கோப்பை மூடினார்கள். பட்டியலை மட்டும் நம்பிக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

வழி 1: முதல் அட்டவணைக்கு உயர்த்துவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அமைப்பில் வானம்பாடிக் குடும்பம் முழுவதும் நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. அவற்றில் நம் நாட்டு விலங்குகளுக்கு இரண்டு: முதலாவதில் உச்சப் பாதுகாப்பு, இரண்டாவதில் அடுத்த நிலை. இரண்டில் எதில் இருந்தாலும் வேட்டை குற்றம்தான். சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வதற்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட அடங்கும்.

முதல் அட்டவணைக்குப் போனால் தண்டனை கூடும். பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் சேரும்.

இன்னொரு பயன் உண்டு. இது பலருக்குத் தெரியாது. கல்குவாரி மாதிரி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களில், அந்த இடத்தில் முதல் அட்டவணை உயிரினம் இருந்தால் அதற்கென்று தனிப் பாதுகாப்புத் திட்டம் கேட்பது வழக்கம். நம் மாவட்டத்தில் குவாரிகள் எத்தனை என்று பார்க்கிறபோது இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் காற்றாலையும் சூரிய மின் பூங்காவும் அந்த அனுமதிக்குள்ளேயே வருவதில்லை. பணகுடி, ராதாபுரம் பக்கத்துத் திறந்தவெளிகளுக்கு இன்று பெரிய போட்டி அவைதான்.

அப்புறம், மறைவான செலவு. நெல்லை விவசாயிக்கு ‘முதல் அட்டவணை’ என்றதும் நினைவுக்கு வருவது மயில். நெல்லையும் உளுந்தையும் நிலக்கடலையையும் மயில் கொத்திவிட்டுப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது என்ற கோபம் இங்கே பல ஊர்களில் கனன்றுகொண்டிருக்கிறது. வானம்பாடி பயிரைத் தொடாது. பூச்சியும் புல்விதையும்தான் அதன் சாப்பாடு. ஆனாலும் ‘இன்னொரு மயிலா?’ என்ற பயம் வந்துவிட்டால், கூடு இருக்கிற தரிசை உழுது ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று காட்டத் தோன்றும். தரையில் கூடு வைக்கிற பறவைக்கு அதைவிட ஆபத்து கிடையாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில் (மயில் வேறு, இது வேறு) 1972 முதலே முதல் அட்டவணையில் இருக்கிறது. இன்று நாடு முழுவதும் 200-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. புல்வெளி போனதும், மின்கம்பிகள் குறுக்கே வந்ததும் அட்டவணையால் தடுக்க முடியாதவை.

இந்த வழி எங்கே பலிக்கும்? பிடிப்பதே காரணமாக இருக்கும் இடத்தில். ஆசியாவின் மஞ்சள் மார்பு பன்டிங் என்ற சிறு பறவை வலசைப் பாதையில் உணவுக்காக வலைபோட்டுப் பிடிக்கப்பட்டே 2017-இல் ‘மிக அருகிய’ நிலைக்குப் போனது. அங்கே தண்டனையைக் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் பக்கம் காடைக்கும் கௌதாரிக்கும் கண்ணி வைக்கிறார்கள். அதில் வானம்பாடியும் சிக்கக்கூடும். அதைத் தடுக்க இப்போதுள்ள சட்டமே போதும். வேண்டியது அமலாக்கம்.

முடிவு மத்திய அரசின் கையில். மாவட்ட அளவில் நம்மால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

வழி 2: சரணாலயம்

நிலத்தையே காப்பாற்றுவதில் இது வலுவானது. வல்லநாடு வெளிமான் சரணாலயம் 1987-இல் வந்தது, 16.41 சதுர கிலோமீட்டர். கங்கைகொண்டானில் 2013-இல் புள்ளிமானுக்காக ஒன்று வந்தது. இவை இல்லாதிருந்தால் அந்த நிலங்கள் இன்று எந்த நிலையில் இருக்கும் என்று நாற்கரச் சாலையில் போகிற யாரும் ஊகிக்கலாம்.

வானம்பாடி விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ நிறுத்தவோ வனத்துறைக்கு அதிகாரம் உண்டு, நடைமுறையில் நிறுத்துவதுதான் எளிது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைப் பூங்காவில் 1982-இல் மேய்ச்சலை நிறுத்தினார்கள். எதிர்த்த ஊர்க்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. எருமைகள் நின்றதும் நீர்நிலைகளில் புல் மண்டியது. பறவைகளுக்கு அது கெடுதல் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னது. எருமையைப் பகையென்று நினைத்தவர்கள் அதன் வாய்தான் அந்த நீர்நிலையைத் திறந்து வைத்திருந்தது என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார்கள்.

நம் தரிசில் அந்த வேலையைச் செய்வது செம்மறி ஆடு. வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் இந்தத் தென்சீமையின் சொந்த இனங்கள். ஆடு மேய்ப்பவர்களான கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தரிசு தரிசாக நகர்ந்து, அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டு, அடுத்த ஊருக்குப் போவார்கள். ஆடு வராத தரிசில் புல் உயரும். புல்லைத் தொடர்ந்து சீமைக் கருவேலம் வரும். கருவேலம் மூடிய இடத்தில் வானம்பாடி இருக்காது. கீதாரியை வெளியேற்றும் எந்தப் பாதுகாப்பையும் இந்தப் பறவைக்காகக் கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வழி 3: பாதுகாப்பகம், அல்லது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமையும் இருக்கிறது. வனஉயிரினச் சட்டத்தின் 2002 திருத்தம் ‘பாதுகாப்பகம்’, ‘சமுதாயப் பாதுகாப்பகம்’ என்று இரண்டு புதிய வகைகளைக் கொண்டுவந்தது. முதலாவது அரசு நிலத்துக்கு. இரண்டாவது, ஊரோ தனியாளோ தாமாக முன்வந்து தரும் நிலத்துக்கு. நாட்டின் முதல் பாதுகாப்பகம் 2005-இல் அறிவிக்கப்பட்டது தாமிரபரணிக் கரையில் இருக்கும் திருப்புடைமருதூரில்தான். மூன்று ஹெக்டேர்கூட இல்லை. மரங்களில் கூடு கட்டுகிற நீர்ப்பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமென்று ஊர்மக்களே முன்நின்றதால் வந்தது அது.

வானம்பாடிக்கு இந்த வகை பொருந்துவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. சரணாலயத்துக்கான முழுத் தடைகள் இங்கே அப்படியே வருவதில்லை. மேய்ச்சல் தானாக நின்றுவிடாது. அறிவிக்கும் முன் ஊர்மக்களைக் கலந்துகொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. சமுதாயப் பாதுகாப்பகம் என்றால், நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். தரிசை நாளைக்கே வேறு காரியத்துக்குக் கொடுத்துவிட முடியாது. மற்ற வழிகளில் கிடைக்காத பிடிமானம் இதுதான்.

குறைகளும் உண்டு. தீ வைப்பதற்கும், வெடி, ரசாயனம் போன்ற ஊறு விளைக்கும் பொருள்களுக்கும் தடை வரும். புதுப்புல் முளைக்கட்டும் என்று தரிசைக் கொளுத்துகிற பழக்கம் இருக்கிற ஊரில் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். அரசு நிலப் பிரிவு புறம்போக்குக்கு மட்டும் உதவும். இடையில் பட்டா நிலம் ஊடுருவியிருந்தால் எல்லை போடுவதே பெரும்பாடு. வருவாய்த் துறையும் வனத்துறையும் ஒத்துப்போக வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்.

பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பாரம்பரியத் தலமாகக் கேட்பது இதன் இன்னொரு வடிவம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் மாநிலத்தின் முதல் தலமானது. சுமார் 193 ஹெக்டேர். உள்ளாட்சியைக் கலந்து அறிவிப்பதும், பொருளாதாரப் பாதிப்பு அடைகிறவர்களுக்கு ஈடு செய்யத் திட்டம் வகுக்கச் சொல்வதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு பெயருக்கு இல்லாமல் நிஜமாக இயங்கினால் இந்த வாசல் எளிது.

வழி 4: ஊர்க் கட்டுப்பாடும் மேய்க்கால் நிலமும்

கூந்தன்குளத்தில் பறவைகள் கூடு கட்டியிருந்தால் ஊரே பட்டாசைத் தவிர்க்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே அந்த உறவு இருந்தது. சட்டம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

தரிசுக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு வைக்கலாம்: மேய்க்கால் புறம்போக்கை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, கூடு வைக்கிற மாதங்களில் அங்கே ஜே.சி.பி. இறங்கக் கூடாது, திறந்த புல்தரையில் குழி தோண்டி மரக்கன்று நடக் கூடாது. கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். மரம் நடுவது நல்ல காரியம்; அதற்கு ஊரணிக் கரை இருக்கிறது, சாலையோரம் இருக்கிறது. புல்தரையில் நட்டால் ஓர் உயிரின் வீட்டை இடித்துத்தான் நடுகிறோம்.

இந்த வழி விரைவானது, செலவு குறைந்தது, யாரையும் மிரட்டாதது. ஊர்ப் பொது நிலங்களைக் காக்கச் சொன்ன 2011-ஆம் ஆண்டு ஜக்பால் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கைகொடுக்கும். பலவீனம் வெளிப்படை: கிராம சபைத் தீர்மானம் மட்டும் மேலிருந்து வருகிற நில ஒதுக்கீட்டை நிறுத்தாது. ஊராட்சித் தலைமை மாறினால் கட்டுப்பாடும் தளரலாம். பெரிய திட்டம் எதுவும் இன்னும் கண்வைக்காத நிலத்துக்கு இது போதும். கண்வைத்துவிட்ட நிலத்துக்குப் போதாது.

ஒரே பார்வையில்

| வழி | முடிவு யார் கையில் | நிலத்தைக் காக்குமா | மறைவான செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| முதல் அட்டவணை | மத்திய அரசு | நேரடியாக இல்லை. குவாரி அனுமதியில் ஓரளவு | விவசாயியின் பயம், கூடுகளை மறைத்து அழிப்பது | பிடிப்பதே காரணமென்றால் |
| சரணாலயம் | மாநில அரசு | நன்றாக | மேய்ச்சல் நின்று நிலம் மூடுவது, கீதாரியின் பிழைப்பு | மான் முதலிய பெரிய விலங்குகளும் இருக்கும் பெரிய நிலத்துக்கு |
| பாதுகாப்பகம் அல்லது பாரம்பரியத் தலம் | மாநில அரசு, ஊரைக் கலந்து | நன்றாக | தீத் தடை, எல்லைத் தகராறு, காத்திருப்பு | நெருக்கடி வந்துவிட்ட தரிசுக்கு |
| ஊர்க் கட்டுப்பாடு | கிராம சபை | ஊர் ஒத்துழைக்கும் வரை | தலைமை மாறினால் தளர்வது | நெருக்கடி இன்னும் வராத தரிசுக்கு |

என் தேர்வு

சமவெளி வானம்பாடிகளுக்கு முதல் அட்டவணை கேட்டு இப்போது மனு கொடுக்க வேண்டாம். கொல்வதற்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. பறவை குறைவது காலடி நிலம் போவதால். நான்காவது வழியில் ஆரம்பித்து, காற்றாலையோ குவாரியோ மனைப்பிரிவோ நெருங்கும் தரிசுகளுக்கு மட்டும் மூன்றாவதைக் கேட்பது சரி. எண்ணிக்கை சேர்ந்த பிறகு பத்து ஆண்டுகளில் 30 சதவீதச் சரிவு தெளிவானால் அட்டவணையைப் பற்றி அப்போது பேசலாம். குறிப்பாக ஜெர்டன் புதர் வானம்பாடிக்கு. அதன் உலகமே சின்னது, இங்கே இழந்தால் வேறு எங்கும் ஈடு கிடையாது.

மலை மேல் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்மேடுகளில் மட்டும் வாழும் அகன்ற வால் புல்குருவி ‘அழிவாய்ப்புள்ள’ வகையில் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988 முதல் இருப்பதால், அதன் எல்லைக்குள் வரும் புல்மேடுகளை யாரும் பிளாட் போட முடியாது. அந்த மாதிரிப் பறவைக்கு நிலத்தைக் கேட்க வேண்டியதில்லை. இனத்துக்கான உயர் பாதுகாப்பும், புல்மேட்டைப் புல்மேடாகவே வைத்திருக்கும் பராமரிப்பும் கேட்டால் நியாயம்.

கணக்கெடுப்பை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வானம்பாடி பாட்டும் பறப்பும் உச்சத்தில் இருக்கிற மாதங்களில், அதே தரிசில், அதே இடங்களில் நின்று, விடிந்த கையோடு பதினைந்து பதினைந்து நிமிடம் எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். பார்க்காத நாளையும் ‘இல்லை’ என்று பதிவு செய்யுங்கள். குறைவை நிரூபிப்பது அந்த இல்லைகள்தான். கீதாரிகளிடம் பேசுங்கள், எந்தத் தரிசில் எந்த வருடம் வரை கூடு இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போகும்போது நிலத்தின் புல எண், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அ பதிவேட்டு நகல், கணக்கெடுப்புத் தாள்கள், மேய்ச்சலுக்கு வருகிறவர்களின் கையெழுத்து ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துப் போங்கள். தீர்மானத்தில் ‘மேய்ச்சல் தொடரும்’ என்ற வரி முதலாவதாக இருக்கட்டும். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே நாளில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.